நூறு கோடியே ஏழு

தடைக்காலத்தின் முதல் நாள்.
மண்டபம் வடக்குக் கடலில் விசைப்படகுகள்
கயிற்றில் சும்மா ஆடிக்கொண்டிருக்க,
ஐஸ் கம்பெனி வாசலில்
இல்லாத பணத்தைப் பங்கு போட்டார்கள்.

எவனோ பயந்து கடலில் போட்ட தங்கம்
நம்ம வலையில் ஏறுதுன்னு வையி,
என்றான் கஸ்பார்.
வித்தா நூறு கோடி.
இதையும் சேர்த்துக்க என்று
சட்டைப்பையிலிருந்து
ஏழு ரூபாய் எடுத்து வைத்தார் சேகுதாவூது.
படகில் ஏழு பேர். பிரி பார்ப்போம், கணக்கு.

கணக்கு என்பது நான்.
நம்புச்செல்வி என்ற பெயர்
சம்பளக் கவரில் மட்டும் இருக்கிறது.

ஏழால் வகுத்தேன். ஆறு ரூபாய் மிஞ்சியது.
பதினோரு பேரென்றால்? ஆறு.
பதின்மூன்று? அதே ஆறு.
பதினேழுக்குப் பதினான்கு என்று எழுந்து போனது,
பத்தொன்பதில் திரும்ப வந்து உட்கார்ந்தது
ஆறு.
ஒரு டீக்குக் காணாது என்று சிரித்துவிட்டு
அவர்கள் சீட்டாடப் போனார்கள்.

எத்தனை பேர் வந்தால் மிச்சமில்லாமல் பிரியும்?

கால்குலேட்டரில் தட்டினால்
புள்ளிக்குப் பின்னால் வால்தான் நீள்கிறது.
எனக்கு மீதி வேண்டும்.
பழைய பில் புத்தகத்தின் முதுகுப் பக்கங்களை எடுத்தேன்.

முப்பத்தோராயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வரை
பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்.
அதற்கு மேலே ஒரு பங்காளி இருந்தால்
அவன் ஜோடி கீழேதான்
எங்காவது ஒளிந்திருக்க வேண்டும்.
கீழே மொத்தம் மூவாயிரத்து நானூற்றியோரு பேர்.
தடை அறுபத்தொரு நாள்.
நாளுக்கு ஐம்பத்தாறு.

அன்றைக்கே ஒன்று கண்டேன்.
நூற்றொன்பதால் வகுத்தால் நூற்றெட்டு மிச்சம்.
நூற்று அறுபத்தேழுக்கு நூற்று அறுபத்தாறு.
ஒரு ரூபாய், ஒரே ஒரு ரூபாய் குறைவு.
அதைப் போட்டிருந்தால்
ஏழு பேருக்கும் பிரியும், எட்டுக்கும், ஒன்பதுக்கும்,
நூற்றொன்பதுக்கு இரண்டு தடவை பிரியும்,
பஸ் ஸ்டாண்ட் மாதிரி
யார் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம்.
சேகுதாவூதிடம் கேட்டேன்.
எட்டாவது ரூபாயும் பையில் இருந்ததாம்,
பீடிக்கு என்று எடுக்காமல் விட்டாராம்.

பிறகு மே மாதம்.
கம்ப்ரஸர் ஓடாத கட்டிடத்தில்
அம்மோனியா வாசனை மட்டும் வேலைக்கு வந்தது.
வடக்கே கடல் தட்டில் ஊற்றிய கஞ்சி.
ரோட்டைத் தாண்டினால் தெற்கே இன்னொன்று,
ராத்திரி முழுக்க யாரையோ ஏசிக்கொண்டு.
ஆயிரத்து ஒன்பது. ஆயிரத்துப் பதின்மூன்று.
நிவாரணப் பாரங்களுக்கு நடுவே
எதுவும் சரியாக விழவில்லை.
கஸ்பார் மனைவி ரெக்சலின் வந்து
அடகுச் சீட்டை மேஜைமேல் வைத்து
முன்பணம் கேட்டாள்.
முதலாளிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.
அன்று முப்பதுதான் முடிந்தது.
மறுநாள் எண்பத்திரண்டு.

கடைசி நாள் நாற்பத்தொன்று பாக்கி.
வாசலில் ஐஸ் பார் ஏற்ற வண்டிகள் நின்றன.
ஒரு பில் கிழித்து ஒரு எண் வகுத்து,
ஒரு பில் கிழித்து ஒரு எண்,
முப்பத்தோராயிரத்து அறுநூற்று ஏழு வந்தபோது
மணி பதினொன்றரை.
மீதி பதினேழாயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று.
அதோடு ஆள் தீர்ந்தது.

பிரியாது.
ஒருத்தரே முழுதும் எடுத்துக்கொள்ளலாம்.
இல்லையென்றால் நூறு கோடியே ஏழு பேர் வரிசையில் வந்து
ஆளுக்கொரு ரூபாய்.
நடுவில் வழியே கிடையாது.

தோளில் சாக்கும் ஐஸுமாய்ப் போன
கஸ்பாரை நிறுத்திச் சொன்னேன்.
எது பிரியாது?
நூறு கோடியே ஏழு.
யாரு காசு அது, என்றான்,
தண்ணீர் சொட்டச் சொட்ட
நிஜமாகவே மறந்துபோய்.

படகுகள் ஒவ்வொன்றாய் விளக்கைப் போட்டன.
புத்தகத்தில் இன்னும் நாலு பக்கம் வெற்றாக இருந்தது.
எட்டை விட்டுவிட்டு
நூறு கோடியே ஒன்பது என்று எழுதினேன்.
இரண்டுக்கு ஒன்று மீதி.
மூன்றுக்கு ஒன்று.
ஐந்துக்கு நான்கு.
ஏழுக்கு

கணக்கு! இருபது பார், சீக்கிரம்.

ஒன்று.